காம்பஸ் ஊசி எதைக் காட்டுகிறது? டேன்ஜென்ட் கால்வனாமீட்டர் செய்யப்போகிறவர்களுக்கு

பிளஸ் டூ இயற்பியல் செய்முறையில் டேன்ஜென்ட் கால்வனாமீட்டர் (கம்பிச்சுருளின் நடுவே காந்த ஊசி வைத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) என்றால் பலருக்கு ஒரு தயக்கம் உண்டு. இத்தனைக்கும் மின்சுற்று மிக எளிது: ஒரு மின்கலம், சாவி, மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்க ரியோஸ்டாட், அம்மீட்டர், மின்னோட்டத்தின் திசையை மாற்றக் கம்யூட்டேட்டர், அவ்வளவுதான். சிக்கல் சுற்றில் இல்லை. நடுவில் இருக்கும் அந்தச் சின்ன ஊசி என்ன சொல்கிறது என்று தெரியாமல் அளவெடுக்க உட்காருவதுதான் சிக்கல்.

ஊசிக்கு வடக்கு, தெற்கு எதுவும் தெரியாது. தான் நிற்கிற அந்த ஒரே புள்ளியில் எத்தனை காந்தப்புலங்கள் வந்து சேர்கின்றனவோ அத்தனையையும் வெக்டர்களாகக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் கிடைத்தளக் கூறு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். பக்கத்தில் வேறொன்றும் இல்லாவிட்டால் மிஞ்சுவது புவியின் புலம் மட்டும், அதனால் வடக்கு. சட்டகாந்தத்தின் விசைக்கோடுகள், நடுநிலைப் புள்ளி, டேன்ஜென்ட் விதி, இந்தச் சோதனையில் வரும் பிழைகள் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறப்பவை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். புவி ஊசியை வடக்கு நோக்கி 'இழுக்கிறது' என்று நினைப்பவர்கள் நிறைய. ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றி, தெர்மகோல் துண்டின் மேல் சின்னக் காந்தம் ஒன்றை வைத்து நடுவில் மிதக்க விடுங்கள். அது மெல்லத் திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். வடக்குக் கரையை நோக்கி நகராது. பேசின் அளவு தூரத்துக்குள் புவியின் புலம் சீரானது. சீரான புலத்தில் இரண்டு முனைகளின் மேலும் சமமான, எதிரெதிரான விசைகள் வரும். நிகர விசை பூஜ்யம், திருப்பு விசை மட்டும் உண்டு. இன்னொரு காந்தத்தைக் கிட்டே கொண்டுவந்தால்தான் தெர்மகோல் ஓடிவரும். ஏனென்றால் அந்தக் காந்தத்தின் புலம் இடத்துக்கு இடம் மாறுகிறது, இரு முனைகளிலும் வரும் விசைகள் சமமாக இருப்பதில்லை. காற்றாடியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் காற்றே தள்ளிவிடும்.

அடுத்தது அளவு. தமிழ்நாட்டில் புவிப் புலத்தின் கிடைத்தளக் கூறு சுமார் 40 மைக்ரோ டெஸ்லா, பழைய அலகில் 0.4 காஸ். இந்த 40ஐ மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகளை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். காந்த நிலநடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போவதால் இங்கே புவிப் புலம் கிட்டத்தட்டப் படுத்தபடியே இருக்கிறது. காந்தச் சரிவு (புலம் கிடைத்தளத்தோடு செய்யும் கோணம்) மிகக் குறைவு, மொத்தப் புலமும் ஏறக்குறைய கிடைத்தளத்திலேயே கிடைத்துவிடுகிறது. திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் 1963இல் ராக்கெட் தளம் அமைந்ததும், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பதும் இந்தக் கோட்டை முன்னிட்டுத்தான். லண்டனில் மொத்தப் புலம் இங்கிருப்பதைவிட அதிகம். ஆனால் அது செங்குத்துக்கு நெருக்கமான சரிவில் பூமிக்குள் பாய்வதால் கிடைத்தளக் கூறு ஏறத்தாழ 20 மைக்ரோ டெஸ்லாதான். நம் கால்வனாமீட்டரை அங்கே கொண்டுபோனால் பாதி மின்னோட்டத்திலேயே ஊசி 45 டிகிரி திரும்பிவிடும். கருவியின் 'மாறிலி' (ஊசியை 45 டிகிரி திருப்ப வேண்டிய மின்னோட்டம்) என்று சொல்வதில் ஊரும் ஒளிந்திருக்கிறது என்பதை வாய்மொழித் தேர்வில் கேட்டால் இப்படிச் சொல்லலாம்.

கால்வனாமீட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு சட்டகாந்தத்தை வைத்துப் புலக்கோடு வரைந்து பார்ப்பது நல்லது. இரும்புத் தூள் தூவிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. தூள் வடிவத்தைக் காட்டும், திசையைக் காட்டாது. ஒவ்வொரு துகளும் தானே ஒரு காந்தமாகி அக்கம்பக்கத்துத் துகள்களை இழுத்துக்கொள்ளும். புவிப் புலம் போன்ற மெலிந்த புலத்துக்குத் தூள் அசையவே அசையாது. ஆக, நமக்கு வேண்டிய கூட்டல் அதில் தெரியாது.

மரப்பலகையில் வெள்ளைத்தாளை செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள், இரும்புக் குண்டூசி வேண்டாம். காந்தத்தை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, சின்னக் காம்பஸை நடுவில் வைத்து வடக்கு தெற்குக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு காந்தத்தை அதன் வடமுனை வடக்கைப் பார்க்கும்படி அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். காம்பஸை வடமுனை அருகே வைத்து ஊசியின் இரண்டு நுனிக்கும் நேராகப் பென்சிலால் புள்ளி வையுங்கள். காம்பஸை நகர்த்தி, ஊசியின் வால் முந்தைய புள்ளிக்கு நேராக வரும்படி வைத்து அடுத்த புள்ளி. இப்படியே போனால் கோடு தென்முனையில் வந்து முடியும், அல்லது தாளின் ஓரத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் கண்ணாடியை விரல் நுனியால் லேசாகத் தட்டுங்கள். ஊசி அச்சில் ஒட்டிக்கொண்டு பொய் சொல்வது பழைய காம்பஸ்களில் சகஜம். இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் எங்கோ புள்ளி தவறியிருக்கிறது: ஒரே இடத்தில் ஊசி இரண்டு பக்கம் நிற்க முடியாது.

இப்போது காந்தத்தின் நடுவிலிருந்து நேர் கிழக்கே காம்பஸை மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். காந்தத்துக்கு அருகில் ஊசி தெற்கைக் காட்டும், ஏனென்றால் நடுவரைக்கோட்டில் காந்தத்தின் புலம் அதன் வடமுனையிலிருந்து தென்முனைப் பக்கமாகத்தான் ஓடுகிறது. தூரம் போகப் போகப் புவியின் புலம் வென்று ஊசி வடக்குக்குத் திரும்பிவிடும். இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் ஊசி எந்தப் பக்கமும் நிற்காமல் தயங்கும். தட்டினால் தட்டின பக்கம் போகும். அதுதான் நடுநிலைப் புள்ளி. அதைச் சுற்றிக் கோடுகள் வளைந்து விலகி, நடுவே ஒரு சின்ன வெற்றிடத்தை விட்டுவிடும். மேற்கிலும் இதேபோல் ஒன்று கிடைக்கும். காந்தத்தைத் தலைகீழாக, வடமுனை தெற்கைப் பார்க்கும்படி வைத்தால் இந்தப் புள்ளிகள் காந்தத்தின் அச்சுக்கோட்டுக்கு, அதாவது வடக்கிலும் தெற்கிலும் போய்விடும். மனப்பாடம் செய்யத் தேவையில்லை. காந்தத்தின் புலம் எந்தக் கோட்டில் தெற்கு நோக்கி ஓடுகிறது என்று பார்த்தால் போதும்.

அந்தப் புள்ளியில் இரண்டு புலங்களும் சமம் என்பதால், காந்தத்தின் திருப்புத்திறனை (அதன் வலிமையின் அளவை) ஒரு ஸ்கேலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். 10 செ.மீ. நீளச் சட்டகாந்தம் என்று வைத்துக்கொள்வோம். முனைகள் சரியாக நுனியில் இல்லை, கொஞ்சம் உள்ளே இருக்கின்றன. காந்த நீளம் சுமார் 8 செ.மீ., அதில் பாதி 4. நடுநிலைப் புள்ளி நடுவிலிருந்து 12 செ.மீ. தள்ளிக் கிடைத்தால், அந்தப் புள்ளிக்கும் ஒரு முனைக்கும் உள்ள தூரம் 144ஐயும் 16ஐயும் கூட்டி எடுத்த வர்க்கமூலம்: 12.65 செ.மீ. நடுவரைக்கோட்டில் புலம், மைக்ரோ டெஸ்லாவில், 0.1 × திருப்புத்திறன் ÷ தூரத்தின் கனம் (தூரம் மீட்டரில்). இதை 40க்குச் சமப்படுத்தினால் திருப்புத்திறன் சுமார் 0.8 ஆம்பியர் சதுர மீட்டர். தேர்வுத்தாளில் மியூ நாட் போட்டு முழு வாய்பாட்டையும் எழுதுங்கள். இந்த 0.1 மனக்கணக்குக்கு மட்டும்.

தூரத்தின் கனம் என்பதை அலட்சியமாகக் கடந்துபோகாதீர்கள். இதே காந்தத்தின் அச்சுக்கோட்டில் ஊசி இருந்தால் (அங்கே 0.1க்குப் பதில் 0.2), 25 செ.மீ. தூரத்தில் அது தருவது சுமார் 10 மைக்ரோ டெஸ்லா, புவிப் புலத்தில் கால்வாசி. அரை மீட்டரில் 1.3தான். ஒரு மீட்டரில் 0.16, நம் கருவிக்கு அது இல்லாததற்குச் சமம். தூரத்தை இரட்டித்தால் தொல்லை எட்டில் ஒரு பங்காகிறது. ஆய்வக மேசையில் எதை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

இனி கம்பிச்சுருள். மின்னோட்டம் பாயும் கம்பி அருகே ஊசி திரும்புவதை 1820இல் ஏர்ஸ்டெட் காட்டினார். அதை வைத்து மின்னோட்டத்தையே அளக்கலாம் என்று 1837இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பூயே இந்தக் கால்வனாமீட்டரை உருவாக்கினார். வட்டச் சுருளின் மையத்தில் புலம், மைக்ரோ டெஸ்லாவில், 0.628 × சுற்றுகள் × ஆம்பியர் ÷ ஆரம் (மீட்டரில்). ஆரம் 8 செ.மீ., 5 சுற்று, 1 ஆம்பியர் என்றால் 39 மைக்ரோ டெஸ்லா வரும். புவிப் புலம் 40. கருவியில் 2, 5, 50 என்று மூன்று இணைப்பு முனைகள் இருந்தும் நாம் 5ஐயே எடுப்பதற்குக் காரணம் இதுதான்: அம்மீட்டரில் வசதியாகப் படிக்கக்கூடிய ஒரு ஆம்பியர் அளவில் இரண்டு புலங்களும் சமபலத்தில் நிற்கின்றன. தவறி 50இல் இணைத்துவிட்டால் அதே 1 ஆம்பியரில் ஊசி 84 டிகிரிக்குப் போய் நின்றுகொள்ளும். மின்னோட்டத்தை மாற்றினாலும் பெரிதாக அசையாது. அப்படி நடந்தால் ரியோஸ்டாட்டைக் குறைசொல்லாமல் முனைகளைப் பாருங்கள்.

சுருளின் தளம் வடக்கு தெற்காக நின்றால் அதன் புலம் கிழக்கு மேற்காக வரும். இரண்டும் செங்குத்து. ஊசி இரண்டின் தொகுபயனில் நிற்கும், அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் சுருளின் புலத்தைப் புவிப் புலத்தால் வகுத்த ஈவு. டேன்ஜென்ட் விதி இவ்வளவுதான். 'செங்குத்து' என்ற ஒரு சொல்லை நிறைவேற்றத்தான் தொடக்கச் சீரமைப்புகள் எல்லாம்.

சீரமைப்பில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், அதனால் நின்று சொல்கிறேன். ஊசிப்பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு பொருள்கள் தெரியும். நடுவில் குட்டையான, தடித்த காந்த ஊசி, நீளம் 2 செ.மீ. போல. அதற்குச் செங்குத்தாக ஒட்டிய நீளமான, மெல்லிய அலுமினியக் குறிமுள். அலுமினியம் காந்தத்துக்குக் கட்டுப்படாது, அது வெறும் அளவு காட்டி. அதாவது ஊசி வடக்கு தெற்காக நிற்கும்போது குறிமுள் கிழக்கு மேற்காக நிற்கும். கண்ணுக்குப் பளிச்சென்று படுவது குறிமுள் என்பதால் பலர் அதையே ஊசி என்று எண்ணி, சுருளை அதற்கு இணையாகத் திருப்பிவிடுகிறார்கள். சுருள் 90 டிகிரி மாறி நிற்கிறது. இப்போது சுருளின் புலம் புவிப் புலத்தின் கோட்டிலேயே விழும். ஒரு திசையில் மின்னோட்டம் விட்டால் ஊசி அசையவே அசையாது. திசையை மாற்றினால் 1 ஆம்பியர் வரை அசையாது, அதைத் தாண்டியதும் சட்டென்று அரைவட்டம் அடித்துத் திரும்பி நிற்கும். 'கருவி கெட்டுப்போச்சு' என்று கையைத் தூக்க வேண்டாம். கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது, கூட்டல்தான் வேறு.

சரியான வரிசை இது: அடிப்பாகத் திருகுகளைத் திருகி ஊசிப்பெட்டியைக் கிடைமட்டமாக்குங்கள், குறிமுள் எங்கும் உரசாமல் சுழல வேண்டும். பெட்டியை மட்டும் திருப்பி 90-90 கோட்டைச் சுருளின் தளத்துக்கு இணையாக்குங்கள். பிறகு கருவி முழுவதையும் திருப்பி, குறிமுள்ளை 0-0இல் கொண்டுவந்து நிறுத்துங்கள். அதன்பின் அளவெடுத்து முடியும்வரை மேசையைக்கூட இடிக்கக் கூடாது. அம்மீட்டரை மின்கலத்தின் பக்கம், அதாவது கம்யூட்டேட்டருக்கு முன்னால் வையுங்கள். கால்வனாமீட்டர் பக்கம் வைத்தால் திசை மாற்றும்போது அம்மீட்டர் முள் பூஜ்யத்துக்குக் கீழே போய் முட்டும்.

ஒவ்வொரு மின்னோட்டத்துக்கும் நான்கு அளவுகள் எடுக்கச் சொல்வது சடங்கு அல்ல. குறிமுள்ளின் இரு நுனியையும் படிப்பது, அச்சு வட்டத்தின் சரியான நடுவில் இல்லாத பிழையைக் கழிக்க. மின்னோட்டத்தைத் திருப்பிப் படிப்பது, சுருளின் தளம் சற்றுத் தவறி நிற்கும் பிழையைக் கழிக்க. பெட்டியை இணையாக்கும்போது கண்ணளவில் 5 டிகிரி தவறிவிட்டது என்று வையுங்கள். குறிமுள் 0-0இல்தான் நிற்கும், வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு புலமும் சமமாக இருக்கும் மின்னோட்டத்தில் ஒரு பக்கம் 42.5, மறுபக்கம் 47.5 வரும். சராசரி 45, நமக்கு வேண்டிய விடை. ஒரு பக்கம் மட்டும் படித்தவருக்கு மின்னோட்டத்தில் 8 முதல் 9 சதவீதம் பிழை. இரு பக்கமும் எடுத்து வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் வந்தால், சராசரியை நம்பி முன்னேறாமல் சீரமைப்பை மறுபடி செய்துவிடுவது நல்லது.

விலக்கம் 30க்கும் 60க்கும் நடுவே இருக்கட்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. கோணத்தைப் படிப்பதில் 1 டிகிரி தவறினால் 45இல் விடையில் 3.5 சதவீதப் பிழை. 30இலும் 60இலும் 4 சதவீதம். 10இலோ 80இலோ அதே 1 டிகிரி, 10 சதவீதத்தைத் தின்றுவிடும். நாம் எடுத்த 5 சுற்று, 8 செ.மீ. கருவியில் இந்த எல்லை ஏறக்குறைய 0.6 ஆம்பியரிலிருந்து 1.75 ஆம்பியர் வரை. பெட்டியின் அடியில் உள்ள கண்ணாடியில் குறிமுள்ளின் பிம்பம் குறிமுள்ளாலேயே மறையும்படி தலையை வைத்துப் படியுங்கள்.

ஊசி ஏன் குட்டை? சுருளின் புலம் மையத்தில் மட்டும்தான் நாம் கணக்கிட்ட அளவு. அச்சில் 1 செ.மீ. விலகினாலே 8 செ.மீ. ஆரச் சுருளில் 2.3 சதவீதம் குறைந்துவிடுகிறது. நீளமான ஊசியின் நுனிகள் வேறு புலத்தில் நீந்தும், டேன்ஜென்ட் விதி பொருந்தாது. ஊசி குட்டையாக இருந்து குறிமுள் நீண்டிருப்பது இந்த இரண்டு தேவைக்கும் கிடைத்த அழகான தீர்வு.

இனி, வெளியே தெரியாத எதிரிகள். முதலாவது அம்மீட்டர்: அதற்குள்ளே நிலைக்காந்தம் இருக்கிறது. மேலே சொன்ன 0.8 காந்தத்தைப் போன்ற ஒன்று ஊசிக்கு வடக்கே 25 செ.மீ. தூரத்தில் இருந்தால், ஊசி நிற்கும் இடத்தின் புலம் 40க்குப் பதில் 50 அல்லது 30 ஆகிவிடும். நீங்கள் 0-0 வைப்பதே அந்தத் தவறான புலத்தில்தான், எல்லாம் ஒழுங்காகத் தோன்றும், கணக்கு மட்டும் கால்வாசி பிசகும். ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். இரண்டாவது ரியோஸ்டாட்: அது கம்பி சுற்றிய நீளமான வரிச்சுருள், மின்னோட்டம் போகும்போது அதுவே ஒரு காந்தம். மூன்றாவது இணைப்புக் கம்பிகள். 1 ஆம்பியர் போகும் ஒற்றைக் கம்பி 10 செ.மீ. தூரத்தில் 2 மைக்ரோ டெஸ்லா தரும், அதாவது 5 சதவீதம். கால்வனாமீட்டருக்குப் போகும் கம்பியையும் திரும்பிவரும் கம்பியையும் முறுக்கிச் சேர்த்துவிட்டால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், செலவில்லாத மருந்து. இரும்புக்கால் மேசை, ஸ்டீல் பீரோ, சட்டைப்பையில் செல்போன் (ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது) இவையும் கணக்கில் சேரும். சந்தேகம் வந்தால், மின்னோட்டம் விடாமல் காம்பஸை மேசையின் மேல் ஒரு கோட்டில் நகர்த்திப் பாருங்கள். ஊசி போகிற வழியில் திரும்பினால் அந்த மேசை வேண்டாம்.

அளவுகள் வந்ததும் மின்னோட்டத்துக்கும் கோணத்தின் டேன்ஜென்டுக்கும் வரைபடம் போடுங்கள். அட்டவணைச் சராசரி மட்டும் போட்டால் பிழை எங்கே என்று தெரியாது. நேர்கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாவிட்டால் முதலில் அம்மீட்டரின் சுழிப்பிழையைப் பாருங்கள். நேர்கோடு சுத்தமாக வந்து, விடை (புவிப் புலத்தின் கிடைத்தளக் கூறு) மட்டும் 40ஐ விட்டு வெகுதூரம் போனால் அருகில் நிலைக்காந்தமோ இரும்போ இருக்கிறது, அல்லது ஆரம் தவறு. ஆரத்தை நூல் சுற்றி அளப்பதுதான் வழக்கம். நூலைச் சட்டத்தின் வெளிவிளிம்பில் சுற்றாமல் கம்பி இருக்கும் பள்ளத்தில் சுற்ற வேண்டும். 8 செ.மீ. ஆரத்துக்குச் சுற்றளவு 50.3 செ.மீ. வரும். நூலில் 2 செ.மீ. கூடினால் ஆரத்தில் 4 சதவீதம் பிழை, அது அப்படியே விடையில் இறங்கும். 1.02 ஆம்பியருக்கு 45 டிகிரி என்று வந்தால் கிடைத்தளக் கூறு 40 மைக்ரோ டெஸ்லா, அதாவது 4 × 10இன் −5 அடுக்கு டெஸ்லா. வாய்பாட்டில் டெஸ்லாவும் மீட்டரும் போட்டீர்களா, செ.மீ.யை அப்படியே போட்டுவிட்டீர்களா என்று இங்கே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பதில் நூறு மடங்கு குறைந்து நின்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

கடைசியாகக் காம்பஸ்கள். பழைய ஆய்வகப் பெட்டியில் நாலைந்தை எடுத்து வரிசையாக வைத்தால் ஒன்றிரண்டு தலைகீழாகத் தெற்கைக் காட்டுவதைப் பார்க்கலாம். வலுவான நியோடிமியம் காந்தத்தை யாரோ ஒட்டவைத்தபோது ஊசி எதிர்த்திசையில் காந்தமாகிவிட்டிருக்கும். சரிசெய்ய, ஊசியை வெளியே எடுத்து, வடக்கைக் காட்ட வேண்டிய நுனியை நோக்கி ஒரு சட்டகாந்தத்தின் தென்முனையால் ஒரே திசையில் இருபது முப்பது முறை தேயுங்கள். திரும்பும்போது காந்தத்தை உயரத் தூக்கிக் கொண்டுவர வேண்டும், முன்னும் பின்னும் தேய்த்தால் பலனில்லை. சட்டகாந்தங்களை எடுத்து வைக்கும்போது இரண்டிரண்டாக, எதிர்முனைகள் பக்கம் பக்கமாக வரும்படி அடுக்கி, இரு நுனியிலும் தேனிரும்புத் துண்டை ஒட்டி மூடுங்கள். ஒத்த முனைகள் சேர்ந்து கிடக்கும் பெட்டியில் காந்தங்கள் ஒன்றையொன்று மெலியச் செய்யும்.